எட்டோடு நின்றுபோவது எது?

2023 மார்ச் 13. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், முதல் தாள் தமிழ். பெயர் பதிந்திருந்த 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் தேர்வறைக்கு வரவில்லை. தாய்மொழித் தாளுக்கே பிள்ளைகள் வரவில்லையே என்று தொலைக்காட்சி விவாதங்களில் அங்கலாய்த்தார்கள். விசாரித்தபோது தெரிந்த சங்கதி வேறு. அவர்களில் கணிசமானோர் அன்று காலையில் வராமல் போனவர்கள் அல்லர். பல மாதங்களுக்கு முன்பே பள்ளியை விட்டுப் போனவர்கள். கொரோனாவால் 2021இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே எல்லோரும் தேர்ச்சி பெற்ற அணி அது. பிளஸ் ஒன்னில் சேர்ந்து கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு பட்டறைக்கும் கடைக்கும் மில்லுக்கும் போய்விட்டார்கள். பையன் நின்றுவிட்டான், பெயர் மட்டும் வகுப்பேறி ஹால் டிக்கெட் வரை வந்திருந்தது.

பள்ளி இடைநிற்றலைப் பற்றி அரசு வெளியிடும் எந்தச் சதவீதத்தைப் படிக்கும்போதும் அந்தக் காலையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பிள்ளை ஒரே நாளில் பள்ளியை விட்டு நிற்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வராமல் இருக்கும், முகூர்த்த மாதங்களில் மூன்று நாள், அப்புறம் காலாண்டுத் தேர்வுக்கு மட்டும் தலைகாட்டும், அதுவும் நின்றுவிடும். பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும். இருப்பதற்குக் காரணமும் உண்டு. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எத்தனை மாணவர்கள் என்ற கணக்கை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவாகிறது. நான்கு பெயரை நீக்கினால் ஒரு பணியிடம் உபரியாகிவிடலாம் என்ற அச்சம் எந்தத் தலைமையாசிரியருக்கும் இருக்கும். அதைக் குற்றம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணியிடமும் போனால் மிச்சமிருக்கும் பிள்ளைகளின் கதி என்ன?

தேர்ச்சி விழுக்காடு இதைவிட ஏமாற்றும். 2025இல் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி 93.80 விழுக்காடு. தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் அத்தனை பேர் என்பதுதான் அதன் பொருள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 60 பேரில் எத்தனை பேர் அந்த அறை வரை வந்தார்கள் என்பதை எந்தப் பள்ளியும் பேனர் கட்டிச் சொல்வதில்லை.

ஏன் நிற்கிறார்கள்? மதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் பதில் மூன்றுக்குள் அடங்கிவிடும். "வீட்ல கஷ்டம்", "படிப்பு ஏறல", "சேர்க்கை சரியில்ல." மூன்றும் பொய்யில்லை. ஆனால் வீட்டுக் கஷ்டம் அவன் மூன்றாப்பு படித்தபோதும் இருந்தது. படிப்பு ஏறாமல் போனதும் அப்போதே ஆரம்பித்ததுதான். அப்படியானால் ஏன் மூன்றில் நிற்காமல் ஒன்பதிலும் பத்திலும் நிற்கிறான்? தொடக்கப் பள்ளியில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்ட மாநிலம் இது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதத்திலும் 2021–22இல் 47 விழுக்காட்டை எட்டி, தேசிய சராசரியை வெகுதூரம் பின்னால் விட்டது. அடியிலும் வலு, உச்சியிலும் வலு, நடுவில்தான் ஒழுகுகிறது. ஆகவே என்ன காரணம் என்பதோடு, ஏன் அந்த வயதில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

எட்டாம் வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளையைச் சுற்றி என்னென்ன விலகுகின்றன என்று பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. பதினான்கு முடிந்த பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கும் கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. அதே சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு இலவசம் முடிகிறது. ஒன்பதில் முழுக் கட்டணம். அனுப்பானடியிலோ வில்லாபுரத்திலோ ஆட்டோ ஓட்டும் தகப்பன் அந்த ஜூன் மாதத்தை எப்படிச் சமாளிப்பார்? 'ஆல் பாஸ்' எட்டு வரைதான். அரசு தரும் நான்கு செட் சீருடை எட்டு வரைதான்; ஒன்பதாம் வகுப்புச் சீருடைத் துணியும் தையல்கூலியும் வீட்டுச் செலவு. இதை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் ஜூன் முதல் வாரத்தில் கிழிந்த கால்சட்டையோடு வகுப்பில் நின்றதில்லை.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் அதே வயதில்தான் கையை எடுக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பின் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற விலக்குகளைத் தவிர. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு ஆபத்தான தொழில்கள் மட்டுமே தடை. பள்ளிக்கதவு தளரும் அதே ஆண்டில் கடைக்கதவு திறக்கிறது.

இந்தப் பக்கம் அரசின் ஊக்கங்கள் எங்கே தொடங்குகின்றன? இலவச சைக்கிள் பிளஸ் ஒன் சேர்ந்தவர்களுக்கு. இடைநிற்றலைத் தடுக்கவென்றே 2011–12இல் கொண்டுவந்த சிறப்பு ஊக்கத்தொகை பத்தாம் வகுப்புக்கு 1,500, பதினொன்றுக்கு 1,500, பன்னிரண்டுக்கு 2,000 ரூபாய். அதுவும் படிப்பை முடித்தவர்களின் கைக்குத்தான். 2022இல் வந்த புதுமைப்பெண், 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்கு. மறுபுறம், முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். அந்த உப்புமாவும் கிச்சடியும் ஐந்தாம் வகுப்போடு சரி. தொடக்கத்தில் உள்ளவனுக்கும் கரையேறியவனுக்கும் கொடுக்கிறோம். ஆற்றின் நடுவில் நிற்பவனுக்கு மதியச் சத்துணவும் பாடப்புத்தகமும் பஸ் பாஸும் உண்டு, மறுக்கவில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்பது, பத்தில் ஒரு சிறு கல்வி உதவித்தொகை உண்டு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உண்டு. ஆனால் அந்தத் தேர்வில் தேறுகிற பிள்ளை எப்படியும் படித்துவிடும்.

இனி வேலைச் சந்தை. மதுரையில் பதினான்கு, பதினைந்து வயதுக்காரனுக்கு வேலை கிடைப்பது சிரமமே இல்லை. ஜெய்ஹிந்துபுரத்தில் லேத் பட்டறை, செல்லூரில் தறி, மாட்டுத்தாவணியில் மூட்டையும் கூடையும், நகரெங்கும் டூ வீலர் ஒர்க் ஷாப், டைல்ஸ், பெயிண்டிங், சென்ட்ரிங். முகூர்த்த நாளென்றால் சமையல்காரரோடு பரிமாறப் போகலாம். ஒரு நாள் கூலியோடு சாப்பாடும். பரோட்டாக் கடையில் எச்சில் இலை எடுப்பதில் ஆரம்பித்து மாவு பிசையும் இடத்துக்கு வந்துவிட்டால் அது ஒரு தொழில். சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பதினெட்டு வயது நிறையாதவர்களை இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. நாளொன்றுக்கு இடைவேளை உட்பட ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தூங்கா நகரத்தின் பரோட்டாக் கடை உயிர்பெறுவதே இரவு ஏழு மணிக்குத்தான்.

நகரத்தை விட்டுச் சற்று வெளியே போனால் காட்சி மாறுகிறது. பெரியாறு பாசனம் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கணக்கு. வானம் பார்த்த பேரையூர், சேடபட்டிப் பக்கம் வேறு கணக்கு. மல்லிகை போட்டிருக்கும் ஊர்களில் மொக்கு விரியும் முன் பறித்தாக வேண்டும். விடியுமுன்பே தோட்டத்தில் இறங்கிய பிள்ளை பள்ளிக்கு வரும்போது இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருக்கும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிற பிள்ளைகள் ஜனவரியில் போனால் சித்திரையில்தான் திரும்புவார்கள், அதற்குள் ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். உசிலம்பட்டி வட்டாரத்துச் சிறுவர்களை வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்புவதும், சில நேரம் அதிகாரிகள் போய் மீட்டு வருவதும் பல ஆண்டுகளாகச் செய்தித்தாளில் வந்துகொண்டிருப்பவை. அங்கே வேலையைவிட முக்கியமானது அட்வான்ஸ். தங்கச்சி சடங்குக்கோ, தகப்பனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, மழை பொய்த்த வருஷத்தின் வட்டிக்கோ மொத்தமாக ஒரு தொகை வாங்கியாயிற்று. அதைக் கழிக்கப் பையன் போகிறான். அவனுக்குப் படிப்பில் ஆர்வம் இருந்ததா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

வறுமைதான் காரணம் என்று இதை இத்தோடு முடித்துவிடலாம். முடிக்கக் கூடாது என்று சொன்னவர் ஒருவர் உண்டு. இந்தியக் குழந்தைகளையும் அரசையும் பற்றி அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மைரன் வீனர் 1991இல் எழுதிய ஆங்கில நூல் இங்கே பலருக்குக் கசந்தது. இந்தியாவைவிட ஏழையாக இருந்தபோதே பல நாடுகள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டன. இங்கே தடுத்தது பணமின்மையைவிட, யார் வீட்டுப் பிள்ளை எதுவரை படித்தால் போதும் என்று அதிகாரிகளும் நடுத்தர வர்க்கமும் மனத்துக்குள் வைத்திருந்த கணக்கு என்றார் அவர். தமிழ்நாட்டுக்கு அது முழுக்கப் பொருந்தாது. 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த ஏற்பாட்டைக் குலக்கல்வி என்று எதிர்த்து, மறு ஆண்டே குப்பையில் போட வைத்த மண் இது. அதைக் கைவிட்ட காமராஜர், மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுபோன காமராஜர், விருதுநகரில் ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவர். ஆனாலும் வீனர் சொன்ன அந்தக் கணக்கு எங்கோ மிச்சமிருக்கிறது. "இவனுக்கெல்லாம் படிப்பு மண்டையில ஏறாது சார்" என்ற வாக்கியத்தை ஆசிரியர் அறைகளில் கேட்காதவர்கள் உண்டா?

ஏறவில்லை என்பது பல நேரம் உண்மைதான். 2023ஆம் ஆண்டு ஏசர் கல்வி ஆய்வறிக்கை நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைத் தம் தாய்மொழியில் தடங்கலின்றிப் படிக்க வரவில்லை. அதே அறிக்கையில் 14 வயதில் எங்கும் சேராதவர்கள் 3.9 விழுக்காடு, 18 வயதில் 32.6. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எட்டு ஆண்டுகள் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தவன், இயற்கணிதமும் இயற்பியல் சூத்திரமும் வரும் வகுப்பில் முதன்முறையாக அம்பலப்படுகிறான். 'ஆல் பாஸ்' முறையைத் திட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்திலும் எட்டிலும் பொதுத்தேர்வு வைத்திருந்தால் அவன் ஒன்பது வரைகூட வந்திருக்க மாட்டான். தமிழக அரசு 2019இல் அதை அறிவித்து 2020 பிப்ரவரியில் பின்வாங்கியது சரியான முடிவு. கோளாறு தேர்ச்சி கொடுத்ததில் இல்லை. தேர்ச்சி கொடுத்துவிட்டு, எழுத்துக்கூட்டத் தெரியாததை எட்டு வருஷம் யாரும் கண்டுகொள்ளாததில்தான். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்', 2025–26இல் ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' என்று அரசே இப்போது அடிப்படையைச் சொல்லித்தர இறங்கியிருப்பது இந்த உண்மையை ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

பள்ளியே தள்ளிவிடுவதும் நடக்கிறது. இதைப் பற்றி வெளிப்படையாக எழுதுவோர் குறைவு. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு காட்ட வேண்டும் என்ற நெருக்கடி தனியார் பள்ளிக்கும் உண்டு, அரசுப் பள்ளிக்கும் உண்டு. தேர்ச்சி குறைந்தால் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். விளைவாக ஒன்பதாம் வகுப்பு முடிவில் வடிகட்டல். "வேற ஸ்கூல் பாத்துக்கங்க, டீசி தந்துர்றோம்", "பிரைவேட்டா எழுதட்டும்மா" என்று பெற்றோரிடம் நயமாகச் சொல்லப்படும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அது ஆலோசனையாகத்தான் கேட்கும். 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தபோது வடிகட்டலுக்கு இன்னொரு படி கூடியது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது ரத்தானது. ரத்தானது நல்லது. ஒன்பதில் நடக்கும் வடிகட்டலை ரத்து செய்ய அரசாணை எதுவும் வேண்டியதில்லை, அதிகாரிகள் அந்த நூறு விழுக்காட்டை மாலை போட்டுக் கொண்டாடுவதை நிறுத்தினால் போதும்.

பெண் பிள்ளைகளின் கதை தனி. வயசுக்கு வந்த பிறகு பஸ்ஸில் பத்து கிலோமீட்டர் அனுப்புவதா என்ற தயக்கத்தை 2021இல் வந்த மகளிர் இலவசப் பயணம் கொஞ்சம் குறைத்திருக்கிறது. பஸ் கிராமத்து நிறுத்தத்தில் நின்றால்தானே. முறைமாமன் வீட்டில் கேட்டுவிட்டார்கள் என்பது இன்றும் ஒன்பதாம் வகுப்பில் காலியாகும் பெஞ்சுக்குக் காரணம். திண்டுக்கல், மதுரை, விருதுநகர் வட்டாரத்து நூற்பு மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருஷம் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆள் பிடித்த காலம் ஒன்று இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் பெயர் மறைந்தது. மில் விடுதியும் கிராமத்து ஏஜெண்டும் முழுக்க மறையவில்லை. அரசின் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: உதவி வேண்டுமானால் பெண் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். கல்யாணத்தைக் காட்டியே படிக்க வைத்த தந்திரம் அது. 2022இல் அது புதுமைப்பெண் ஆனபோது நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஒன்பதில் தடுமாறும் பெண்ணுக்கும் அந்தப் பணத்துக்கும் இடையே மூன்று, நான்கு வருஷ தூரம் வந்துவிட்டது.

இருந்தும் இன்று அதிகம் நிற்பது ஆண் பிள்ளைகளே. தேர்வு வரை வந்தவர்களிலும் அவர்களே பின்தங்குகிறார்கள்: 2025 பிளஸ் டூ தேர்ச்சியில் பெண்கள் 96.70 விழுக்காடு, ஆண்கள் 93.16. பள்ளியை விட்டால் கையில் காசு என்ற சலுகை ஆண் பிள்ளைக்கு மட்டும் உண்டு. வண்டி, செல்போன், கையில் நூறு ரூபாய் வைத்திருக்கும் மூத்த 'பங்காளி'. கூல் லிப் எனும் புகையிலைப் பொட்டலம் பள்ளிப்பைக்குள் வந்துவிட்டதைப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024இல் கவலை தெரிவித்தது. 'சேர்க்கை' என்று பெற்றோர் சொல்வது இதைத்தான். ஆனால் என் கணிப்பில் சேர்க்கை முதலில் வருவதில்லை. வகுப்பறையில் தனக்கு இடமில்லை என்று தெரிந்தவன்தான் இடம் கிடைக்கும் கூட்டத்தைத் தேடிப் போகிறான்.

சாதியைப் பேசாமல் தென்மாவட்டப் பள்ளிகளைப் பற்றி எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன் நடந்ததைத்தான் நான் சுட்டுகிறேன்: தொல்லை தாங்காமல் அவன் சில நாள் பள்ளிக்கே போகவில்லை. ஆசிரியர்கள் காரணம் விசாரித்திருக்காவிட்டால் பதிவேட்டில் அது வெறும் 'ஆப்சென்ட்'. நாளடைவில் 'குடும்பச் சூழல்' என்ற தலைப்பில் ஓர் எண். இப்படி எண்ணாகிப்போனவர்கள் எத்தனை பேரோ. அவன் மறு ஆண்டு பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தான். அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் உள்ள சாதி வரை பேசியது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரும் பரிந்துரை உசிலம்பட்டிப் பக்கம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. எதிர்ப்பின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்குக் கள்ளர் சமூக மக்கள் பலியான பிறகு, கட்டுப்படுத்தும் நோக்கோடு அரசு தொடங்கிய பள்ளிகளே பிற்பாடு அந்த மக்கள் அரசு வேலைக்கும் காவல் துறைக்கும் போகும் படிக்கட்டாயின. பெயரில் சாதி வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் பெயர்ப்பலகைச் சண்டையில், அந்தப் பள்ளிகளில் கணக்கு வாத்தியார் இருக்கிறாரா என்ற கேள்வி காணாமல் போகிறது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே உதவும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரப் பள்ளிகளை ஆராய்ந்த ராபர்ட் பால்ஃபான்ஸ் குழு, யார் பின்னாளில் நிற்பார்கள் என்பதை ஆறாம் வகுப்பிலேயே பெருமளவு சொல்லிவிட முடியும் என்று கண்டது. வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனது, கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தோற்றது, நடத்தையில் கறுப்புக் குறி விழுந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலே எச்சரிக்கை. 2006இல் அந்நாட்டில் வெளியான ஓர் ஆய்வில், பள்ளியை விட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வகுப்பு சுவாரசியமாக இல்லை என்றார்கள். பணக்கார நாட்டிலும் பையன் சொல்லும் காரணம் கிட்டத்தட்ட 'படிப்பு ஏறல' என்பதுதான். நம்மிடம் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வருகையும் தினமும் ஏறுகிறது. தகவலுக்குப் பஞ்சமில்லை. தொடர்ந்து ஒரு வாரம் வராதவனின் வீட்டுக்கு யார் போவது என்பதற்குத்தான் ஆள் இல்லை. போக வேண்டிய ஆசிரியர் அதே எமிஸில் எதையோ பதிவேற்றிக்கொண்டிருக்கிறார்.

செய்ய வேண்டியதில் பெரிய புதுமை ஒன்றும் இல்லை. சீருடையைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டலாம். ஊக்கத்தொகையின் முதல் தவணையை ஒன்பதாம் வகுப்பு ஜூலையில், வருகையைப் பார்த்து மாதாமாதம் தரலாம். 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பன்னிரண்டு வரை கொண்டுபோக மத்திய அரசு சட்டம் திருத்த வேண்டும். திருத்தும்வரை அந்தப் பிள்ளைகளை எட்டு முடிந்ததும் அரசுப் பள்ளியே தேடிப்போய்ச் சேர்க்கலாம். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்தில், ஆறில் சேர்ந்தவர்களில் பத்தை முடித்தவர்கள் எத்தனை பேர் என்றும் எழுதி வைக்கட்டும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்த கதையை நாடே பார்த்தது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெளிவான கருத்து உண்டு; ஆனால் சண்டை முடியும்வரை எந்தப் பையனும் ஒன்பதாம் வகுப்பிலேயே காத்திருக்க மாட்டான்.

வாசகர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டும், உங்கள் மேசையைத் துடைக்கும் பையனிடம் எத்தனாப்பு வரை படிச்சே என்று கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பதினான்கு நிறையாதவன் என்று தோன்றினால் 1098க்கு ஒரு போன் போடுங்கள். அதற்கு மேற்பட்டவன் என்றால், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்பதை அவனுக்கும் அவன் முதலாளிக்கும் சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.களில் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். படிக்கும்போது மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மதுரையில் அரசு ஐ.டி.ஐ. கோ.புதூரில் இருக்கிறது.